பிரகாஷ்ராஜின் ‘தோனி’யும் நம் ஆறாம் ஆண்டு வகுப்பும்



எங்கள் பள்ளியில் நடந்த ஓர் ஆசிரியர் தின விழாவில் நான்காம் ஆண்டு மாணவன் ஒருவன் மேடையேறினான். பலகுரலில் பேசப்போவதாகச் சொல்லிவிட்டு, ‘கில்லி’ திரைப்படத்தில் நடிகர் பிரகாஷ்ராஜ் கதாநாயகியை அழைக்கும் ‘செல்லம்’ என்ற ஒற்றைச் சொல்லை அதே இழுவையோடு சொன்னான். மண்டபமே சிரித்தது. அப்படம் வெளிவந்தது 2004ஆம் ஆண்டில். அம்மாணவன் பிறப்பதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்பு. 2024இல் அது மீண்டும் திரையரங்குகளுக்கு வந்தபோது தந்தையுடன் சென்று பார்த்தானாம்.

விழா முடிந்து ஆசிரியர் அறையில் தேநீர் அருந்திக்கொண்டிருந்தபோது, மூத்த ஆசிரியை ஒருவர் வருத்தத்தோடு கேட்டார்: “வில்லன் நடிகரைப் பார்த்து நம் பிள்ளைகள் எதைத்தான் கற்றுக்கொள்ளப் போகின்றார்கள்?”

அன்று நான் விடை கூறவில்லை. ஆனால், கூறுவதற்கு என்னிடம் ஒரு செய்தி இருந்தது. அந்த வில்லன் நடிகர் பின்னாளில் இயக்கிய ஒரு திரைப்படந்தான், என் ஆசிரியப் பணியில் நான் செய்த ஒரு பெருந்தவற்றை எனக்கே எடுத்துக் காட்டியது. அதனை எழுத இத்தனை காலம் தயங்கினேன். இன்று எழுதுகிறேன். பொறுமையோடு படிக்க வேண்டுகிறேன்.

நாடக மேடையிலிருந்து வெள்ளித்திரைக்கு

பிரகாஷ்ராஜ் 1965ஆம் ஆண்டு பெங்களூரில் பிறந்தவர். இயற்பெயர் பிரகாஷ் ராய். தமிழ் அவருடைய தாய்மொழி அன்று. கன்னட நாடக மேடையில் நடிப்பைக் கற்று, தூர்தர்ஷன் தொலைக்காட்சியில் ‘பிசிலு குதுரே’, ‘குட்டத பூதா’ முதலிய கன்னடத் தொடர்களில் நடித்து, பின்னர்க் கன்னடத் திரைப்படங்களில் சிறு சிறு வேடங்களை ஏற்றவர். அவருடன் நடித்த நடிகை கீதா அவருடைய திறமையைக் கண்டு இயக்குநர் கே. பாலசந்தரிடம் எடுத்துரைத்தார். அதன் பயனாக 1994இல் ‘டூயட்’ திரைப்படத்தின் வழியே தமிழுக்கு வந்தார். ராய் என்பது ராஜ் ஆனதும் பாலசந்தரின் விருப்பப்படிதான்.

அதன்பின் நடந்தவற்றை நாம் அறிவோம். 1995இல் வெளிவந்த ‘ஆசை’யில் அவர் காட்டிய வன்மம் பலரை நடுங்க வைத்தது. 1997இல் மணிரத்னம் இயக்கிய ‘இருவர்’ அவருக்குச் சிறந்த துணை நடிகருக்கான இந்திய தேசிய விருதைப் பெற்றுத் தந்தது. தமிழ், தெலுங்கு, கன்னடம், மலையாளம், இந்தி என ஐந்து மொழிகளில் நடித்தார். தமிழைப் பணியிடத்தில் கற்றுத் தம் சொந்தக் குரலிலேயே பேசினார். ‘தமிழ் கடினமாக இருக்கிறது’ என்று நம்மிடம் குறைப்பட்டுக்கொள்ளும் மாணவர்களுக்கு நான் இதனை எடுத்துச் சொல்வதுண்டு.

எனினும், வணிகத் திரைப்படங்கள் அவரிடம் கேட்டது பெரும்பாலும் ஒன்றைத்தான்: கண்களை உருட்ட வேண்டும், குரலை உயர்த்த வேண்டும், இறுதிக் காட்சியில் கதாநாயகனிடம் அடிவாங்க வேண்டும். 2003இல் ‘ஒக்கடு’ என்ற தெலுங்குப் படத்தில் ஏற்ற அதே வில்லன் வேடத்தை, அதன் தமிழ் வடிவமான ‘கில்லி’யிலும் ஏற்றார். ஒரே கோபத்தை இரு மொழிகளில் விற்றார் என்று விளையாட்டாகச் சொல்லலாம்.

இங்கேதான் நான் கவனித்த ஒன்றை உங்கள் முன் வைக்க விரும்புகிறேன். வில்லனாக ஈட்டிய பொருளைக்கொண்டு அவர் ‘டூயட் மூவீஸ்’ என்ற நிறுவனத்தைத் தொடங்கினார். தமக்கு வாழ்வளித்த முதல் தமிழ்ப் படத்தின் பெயரையே அதற்குச் சூட்டினார். அந்நிறுவனத்தின் வழியாக அவர் தயாரித்தவற்றில் ராதாமோகன் இயக்கிய ‘அழகிய தீயே’ (2004), ‘மொழி’ (2007), ‘அபியும் நானும்’ (2008) ஆகியவையும் அடங்கும். ‘மொழி’யின் நாயகி காது கேளாத, வாய் பேசாத பெண். ‘அபியும் நானும்’ மகளை விட்டுப் பிரிய இயலாத ஒரு தந்தையின் கதை. தந்தை வேடத்தில் பிரகாஷ்ராஜே நடித்தார். அதே காலத்தில் பிரியதர்ஷன் இயக்கிய ‘காஞ்சிவரம்’ படத்தில், மகளின் திருமணத்திற்குப் பட்டுப்புடவை தருவேன் என்று வாக்களித்துவிட்டு அதற்காகப் பட்டு நூலைத் திருடும் ஓர் ஏழை நெசவாளியாக வாழ்ந்து காட்டினார். அவருக்குச் சிறந்த நடிகருக்கான தேசிய விருதைப் பெற்றுத் தந்தது அப்படந்தான்.

2010இல் முதன்முறையாக இயக்குநர் நாற்காலியில் அமர்ந்தபோது அவர் தேர்ந்தெடுத்தது ‘அபியும் நானும்’ கதையின் கன்னட வடிவத்தை. ‘நானு நன்ன கனசு’ என்பது அதன் பெயர். நானும் என் கனவும் என்பது பொருள். இரண்டாவதாக 2012இல் தமிழிலும் தெலுங்கிலும் இயக்கியது ‘தோனி’. பிறர் பணம் கொடுத்தபோது வில்லனாக நின்றவர், கதையைத் தாமே தேர்ந்தெடுக்கும் உரிமை வந்தபோது தந்தையாக நின்றார். ஒரு மனிதரின் உள்ளத்தை அறிய, பிறர் அவரிடம் கொடுத்த வேலையைவிட அவரே தேர்ந்துகொண்ட வேலையைப் பார்க்க வேண்டும் என்று எனக்குத் தோன்றுகிறது.

‘தோனி’ சொல்லும் கதை

படத்தைப் பார்க்காதவர்களுக்காகச் சுருக்கமாகக் கூறுகிறேன். மனைவியை இழந்த ஓர் அரசு ஊழியர், பெயர் சுப்பிரமணியம். சம்பளம் போதாமல் ஊறுகாய் தயாரித்து விற்கிறார். கடன் வாங்கியாவது மகனை நல்ல பள்ளியில் படிக்க வைக்க வேண்டும் என்பது அவர் விருப்பம். மகன் கார்த்திக்குக் கணிதம் ஏறவில்லை. கிரிக்கெட் மட்டுமே அவன் உலகம். மதிப்பெண் குறைகிறது, பள்ளி எச்சரிக்கிறது, கடன்காரர் நெருக்குகிறார். ஒருநாள் அத்தனை ஆத்திரமும் ஒன்றுதிரண்டு மகன்மீது பாய்கிறது. தந்தை அடித்த அடியில் மகன் நினைவிழந்து மருத்துவமனைப் படுக்கையில் விழுகிறான். அதன் பிறகு அந்தத் தந்தை, ‘என் மகனை இந்நிலைக்குக் கொண்டுவந்தது எது?’ என்று ஊரைக் கேட்கிறார், கல்விமுறையைக் கேட்கிறார், ஆட்சியாளர்களிடமே சென்று முறையிடுகிறார். இசை இளையராஜா. மகேஷ் மஞ்ச்ரேகர் 2010இல் இயக்கிய ஒரு மராத்தித் திரைப்படத்தின் மறுவாக்கம் இது.

தந்தையாக நடித்தவர் பிரகாஷ்ராஜே. ஆண்டுக்கணக்கில் நம்மை அச்சுறுத்திய அதே கண்கள், அதே உயர்ந்த குரல், அதே ஓங்கிய கை. ஆனால், இம்முறை எதிரே நிற்பவன் கதாநாயகன் அல்லன். திருப்பி அடிக்கத் தெரியாத ஒரு சிறுவன். வில்லனிடம் நாம் கண்டு நடுங்கிய சினம் ஒரு சாதாரண வீட்டின் சமையலறையில், சாதாரணத் தந்தையிடம் எழும்பும்போது அது எவ்வாறு தோன்றும் என்பதை அவர் காட்டிவிட்டார். வேறொரு மென்மையான நடிகரை அவ்வேடத்தில் நடிக்க வைத்துத் தாம் ஒதுங்கி நின்றிருக்கலாம். அவ்வாறு செய்யாமல், குற்றம் செய்த கையாகத் தம் கையையே காட்டினார். இயக்குநர் என்ற முறையில் அவர்மீது எனக்கு மதிப்பு ஏற்பட்டது அங்கேதான்.

என் வகுப்பில் நடந்தது

இனி என் கதைக்கு வருகிறேன்.

2010ஆம் ஆண்டு நான் ஆறாம் ஆண்டு வகுப்புக்குக் கணிதம் போதித்துக்கொண்டிருந்தேன். அக்காலத்தில் தமிழ்ப்பள்ளி மாணவர்களுக்கு யு.பி.எஸ்.ஆர். தேர்வில் ஏழு தாள்கள். ஏழு ஏ பெற்ற மாணவர்களின் படங்கள் நாளிதழ்களில் வரும். பள்ளி வாயிலில் பதாகையாகத் தொங்கும். எத்தனை ஏ, எத்தனை விழுக்காடு தேர்ச்சி என்பதைக்கொண்டே பள்ளியை மதிப்பிடுவார்கள். காலை வகுப்பு, மாலை வகுப்பு, சனிக்கிழமை வகுப்பு, பள்ளி விடுமுறையில் முகாம், தேர்வுக்கு முன் சிறப்புப் பிரார்த்தனை என்று ஆண்டு முழுவதும் ஒரே ஓட்டந்தான்.

என் வகுப்பில் ஒரு மாணவன் இருந்தான். பின்வரிசையில் அமர்வான். வாய்பாடு தடுமாறும், பின்னம் என்றால் விழிப்பான். ஆனால், மேசைமீது அவன் விரல்கள் ஒருபோதும் சும்மா இருக்கமாட்டா. அவனுடைய மாமா ஓர் உறுமி மேளக் குழுவை நடத்திவந்தார். தைப்பூசத்தின்போது பத்துமலைக்குக் காவடியோடு செல்லும் குழு அது. பன்னிரண்டு வயதிலேயே அக்குழுவில் பெரியவர்களுக்கு இணையாக உறுமி வாசிப்பான். தாளக் கணக்கில் அவன் பிழை செய்து யாரும் பார்த்ததில்லை. பின்னக் கணக்கில் திணறியவன், நான்கையும் மூன்றையும் ஆறையும் விரல்நுனியில் பிரித்துச் சேர்த்துக்கொண்டிருந்தான் என்பது எனக்கு அப்போது உறைக்கவில்லை. உறுமி மேளம் என்றாலே குண்டர் கும்பல் என்று முகம் சுளிக்கும் கூட்டத்தில் நானும் ஒருவனாக இருந்தேன்.

ஜூலை மாத முன்னோட்டத் தேர்வில் அவன் மூன்று தாள்களில் தேறவில்லை. பெற்றோரை அழைத்தோம். அவனுடைய தந்தை தொழிற்சாலையில் இரவு வேலை முடித்து, சீருடையைக்கூடக் கழற்றாமல் நேரே பள்ளிக்கு வந்திருந்தார். மற்றப் பெற்றோர்கள் சுற்றிலும் அமர்ந்திருக்க, நான் அவரிடம் சொன்னேன்: “உங்கள் மகன் பள்ளியின் விழுக்காட்டைக் கெடுத்துவிடுவான் போலிருக்கிறது. மேளம் அடிப்பவனுக்குப் படிப்பு எதற்கு? முதலில் அதை நிறுத்துங்கள்.”

அவர் ஒன்றும் பேசவில்லை. “சரிங்க ஐயா” என்று மட்டும் கூறிவிட்டு எழுந்து சென்றார்.

மறுநாள் அம்மாணவன் பள்ளிக்கு வந்தபோது அவன் கால்களில் கோடு கோடாகத் தழும்புகள். அவனுடைய உறுமியின் தோலைத் தந்தை கத்தியால் கிழித்துவிட்டதாக அவன் நண்பர்கள் பேசிக்கொண்டார்கள். நான் தழும்புகளைப் பார்த்தேன். அவனிடம் எதுவும் கேட்கவில்லை. கரும்பலகையின் பக்கம் திரும்பி அன்றைய பாடத்தைத் தொடங்கினேன். அதன் பின் அவன் விரல்கள் மேசைமீது அசையவே இல்லை. ‘பையன் திருந்திவிட்டான்’ என்று எண்ணி நான் மகிழ்ந்ததையும் இங்கே மறைக்காமல் எழுத வேண்டும்.

தேர்வில் அவனுக்கு ஓர் ஏயும் கிட்டவில்லை. இடைநிலைப்பள்ளிக்குச் சென்றவன், மூன்றாம் படிவத்தோடு படிப்பை நிறுத்திவிட்டதாகப் பின்னர்க் கேள்விப்பட்டேன்.

2012இல் பிரிக்பீல்ட்ஸ் கடை ஒன்றில் வாங்கிய குறுவட்டில் ‘தோனி’யை வீட்டாரோடு அமர்ந்து பார்த்தேன். தந்தை மகனை அடிக்கும் காட்சி வந்தபோது என்னால் அமர்ந்திருக்க முடியவில்லை. திரையில் அடித்தவர் தந்தை. என் கதையிலும் அடித்தவர் தந்தைதான். ஆனால், அந்தக் கையில் பிரம்பைக் கொடுத்தனுப்பியவன் நான்.

படத்தின் குறைகளும் உண்டு

ஒரு படத்தால் மனம் கலங்கியது என்பதற்காக அதனைக் குறையற்றது என்று புகழ எனக்கு உடன்பாடில்லை. பிரகாஷ்ராஜ் இதுவரை கதை தேடியதெல்லாம் பிறர் ஏற்கெனவே எடுத்த படங்களில்தான். ‘தோனி’க்குப் பின் 2014இல் வந்த ‘உன் சமையலறையில்’ ஒரு மலையாளப் படத்தின் மறுவாக்கம். 2016இல் தெலுங்கிலும் கன்னடத்திலும் அவர் இயக்கிய படமும் ‘ஷட்டர்’ என்ற மலையாளப் படத்தின் மறுவாக்கமே. இயக்குநராக அவர் தமக்கென்று ஒரு புதிய கதையைப் படைத்தார் என்று கூறிவிட முடியாது. ‘தோனி’யின் பிற்பகுதியில் சொற்பொழிவு மிகுதி. ஆட்சியாளரிடம் முறையிட்டால் வழி பிறக்கும் என்ற முடிவும் எளிதாக வந்துவிடுகிறது. 2013இல் விஜய் தொலைக்காட்சியில் ‘நீங்களும் வெல்லலாம் ஒரு கோடி’ நிகழ்ச்சியின் இரண்டாம் பருவத்தை நடத்தியவரும் இவரே. மதிப்பெண்ணை எதிர்த்துப் படமெடுத்த மறு ஆண்டே, மனப்பாடத் தகவலுக்குப் பணம் தரும் நாற்காலியின் எதிரே அவர் அமர்ந்தது எனக்குச் சற்று வேடிக்கையாகவே இருந்தது.

இவற்றைவிடப் பெரிய குறை ஒன்று உண்டு. அது இப்படத்திற்கு மட்டும் உரியதன்று. நடிகர் ஆமிர்கான் முதன்முதலாக இயக்கிய ‘தாரே ஜமீன் பர்’ (2007) எழுத்துகளைப் படிக்க இயலாமல் தவிக்கும் ஒரு சிறுவனின் கதை. சின்னத்திரைத் தொடர்களை இயக்கி, நடிகராகவும் திரைப்பட இயக்குநராகவும் வளர்ந்த சமுத்திரக்கனி 2016இல் ‘அப்பா’ எடுத்தார். அதுவும் பிள்ளைகளின் படிப்பையும் பெற்றோரின் பேராசையையும் பற்றியதே. நடிப்பிலிருந்து இயக்கத்திற்கும், இயக்கத்திலிருந்து நடிப்பிற்கும் சென்ற மூவர் ஒரே பொருளைத் தொட்டிருக்கின்றனர். நல்ல நோக்கந்தான். ஆனால், இத்தகைய கதைகளில் படிப்பில் பின்தங்கிய பிள்ளைக்கு வேறொரு பெருந்திறமை இருந்துவிடுகிறது. ஒருவன் ஓவியத்தில் வல்லவன். இன்னொருவன் கிரிக்கெட்டில் சிறந்தவன். இறுதியில் அரங்கம் கைதட்டுகிறது. பெற்றோர் கண்ணீர் வடிக்கின்றனர்.

ஏ பெறாத பிள்ளை தோனியாகவாவது இருக்க வேண்டும் என்றால், அதுவும் ஒரு தேர்வுதானே? கணிதமும் வராது, கிரிக்கெட்டும் வராது, மேடையில் பேசவும் வராது, ஆனால் தம்பிக்குக் கஞ்சி ஊட்டிவிட்டுப் பள்ளிக்கு வரும் பிள்ளை நம் ஒவ்வொரு வகுப்பிலும் உண்டு. அப்பிள்ளைக்காக யாரும் இன்னும் படம் எடுக்கவில்லை. திறமை இருப்பதால் மட்டுமே ஒரு பிள்ளையை அடிக்கக்கூடாது என்பதில்லை. என் மாணவன் உறுமி வாசிக்கத் தெரியாதவனாக இருந்திருந்தாலும் நான் அன்று பேசியது தவறுதான்.

நடிகரா, இயக்குநரா?

நடிகருக்கு ஒரு வசதி உண்டு. ‘எழுதிக் கொடுத்ததைப் பேசினேன், காட்டிய இடத்தில் நின்றேன்’ என்று சொல்லிவிடலாம். படம் தவறான கருத்தைச் சொன்னாலும் பழி அவர்மீது முழுமையாக விழாது. இயக்குநருக்கு அந்த வசதி இல்லை. எந்தக் கதை, யாருக்காக, எங்கே முடிக்க வேண்டும் என்பவற்றுக்கெல்லாம் அவரே பொறுப்பு. நடிகர் இயக்குநராவது பதவி உயர்வு என்று பலர் கருதுகின்றனர். எனக்கு அது பொறுப்பு உயர்வாகத் தெரிகிறது.

இதனை நான் வலியுறுத்துவதற்குக் காரணம் உண்டு. நாங்கள் ஆசிரியர்கள் பல ஆண்டுகள் நடிகர்களாகவே இருந்தோம். ‘மேலிடத்து உத்தரவு’, ‘தேர்வுக்கு வரும்’, ‘விழுக்காடு கேட்கிறார்கள்’ என்பவை எங்கள் வசனங்கள். 2010இல் அந்தத் தந்தையிடம் நான் பேசியதற்கும் என்னிடம் இதே சாக்குத்தான் இருந்தது.

1988இல் தொடங்கிய யு.பி.எஸ்.ஆர். தேர்வு, பெருந்தொற்றின் காரணமாக 2020இல் நடைபெறவில்லை. 2021 ஏப்ரல் மாதத்தில் அதனை முற்றாக அகற்றுவதாகக் கல்வி அமைச்சு அறிவித்தது. அடுத்த ஆண்டே மூன்றாம் படிவத்தின் பி.டி.3 தேர்வும் அகற்றப்பட்டது. வகுப்புசார் மதிப்பீடு முதன்மை பெற்றது. ஒன்று முதல் ஆறு வரையிலான அடைவு நிலைகளில் ஒரு மாணவன் எங்கே நிற்கிறான் என்பதை, அவனை அன்றாடம் காணும் ஆசிரியரே முடிவு செய்ய வேண்டியதாயிற்று. எங்கோ அச்சடித்த வினாத்தாளின் பின்னால் நாம் இனி ஒளிந்துகொள்ள இயலாது. சுருங்கச் சொன்னால், நம்மை இயக்குநர் நாற்காலியில் அமர்த்திவிட்டார்கள்.

அந்நாற்காலியில் அமர்ந்து நாம் எந்தக் கதையைத் தேர்ந்தெடுத்தோம்? நேர்மையாகச் சொல்வதென்றால், நம்மில் பலர் பழைய படத்தையே மறுவாக்கம் செய்துகொண்டிருக்கிறோம். அதே பயிற்றிகள், அதே தரவரிசைப் பட்டியல். ‘எத்தனை ஏ?’ என்று கேட்ட பெற்றோர் ‘எத்தனை ஆறாம் நிலை?’ என்று கேட்கின்றனர். கிள்ளான் பள்ளத்தாக்கின் பிரத்தியேக வகுப்புகளில் மாலை வேளையில் இடம் கிடைப்பதில்லை.

பெற்றோரின் அச்சத்தை நான் எள்ளி நகையாடவில்லை. அதில் நியாயம் உண்டு. பொதுத்தேர்வு என்பது ஏழைப் பிள்ளைக்கு ஒரு சான்றாகவும் இருந்தது. தோட்டப்புறத்துத் தமிழ்ப்பள்ளியில் படித்த பிள்ளை ஏழு ஏ பெற்றபோது, அதனை யாராலும் மறுக்க முடியவில்லை. பரிந்துரைக்க ஆளில்லாதவனுக்கு அத்தாள் பேசியது. தேர்வு போன பின் ‘என் பிள்ளைக்கு உண்மையில் எழுத வருகிறதா, வரவில்லையா?’ என்று ஒரு தாய் கேட்டால், மழுப்பாமல் விடை கூறும் கடமை நமக்கு உண்டு. அனைவருக்கும் நல்ல நிலையை அள்ளி வழங்கிவிட்டு, படிக்கத் தெரியாமலேயே இடைநிலைப்பள்ளிக்கு அனுப்பிவைப்பதும் ஒருவகைக் கொடுமையே. மீண்டும் பொதுத்தேர்வு வேண்டும் என்ற குரல்கள் எழுவதற்கு நமது இத்தகைய மெத்தனமும் ஒரு காரணம்.

ஆகவே, அளக்கவே வேண்டா என்று நான் கூறவில்லை. அளந்ததைக்கொண்டு என்ன செய்கிறோம் என்பதுதான் வினா.

என் வேண்டுகோள்

ஆசிரியர்களுக்கு: ஒரு மாணவனின் பின்னடைவைப் பெற்றோரிடம் சொல்லும்போது தனியாகச் சொல்லுங்கள். அவனுக்கு எது வருகிறது என்பதை முதலில் கூறிவிட்டு, எது வரவில்லை, அதற்கு நாம் இருவரும் என்ன செய்யலாம் என்பதைப் பிறகு கூறுங்கள். நாம் சொல்லும் ஒரு சொல் அன்றிரவு அந்த வீட்டில் என்னவாக மாறும் என்பதை ஒரு நிமிடம் எண்ணிப் பாருங்கள். மறுநாள் பிள்ளையின் உடலில் தழும்பைக் கண்டால், என்னைப் போலக் கரும்பலகையின் பக்கம் திரும்பிவிடாதீர்கள்.

பெற்றோர்களுக்கு: ‘தோனி’யில் வரும் தந்தை கெட்டவர் அல்லர். மகனுக்காகவே கடன் பட்டவர். அன்பு மிகுந்தவர் அடிக்கமாட்டார் என்பது உண்மையன்று. அச்சம் மிகுந்தால் அன்புள்ள கையும் ஓங்கும். மதிப்பீட்டு அறிக்கை கைக்கு வரும் நாளில், அதனை உடனே பிள்ளையின் முன் விரிக்காதீர்கள். சாப்பிடுங்கள், உறங்குங்கள், மறுநாள் ஆசிரியரிடம் வந்து பேசுங்கள். வாய்ப்புக் கிட்டினால் பிள்ளைகளோடு அமர்ந்து ‘தோனி’யைப் பாருங்கள். அடிக்கும் காட்சி வரும்போது பிள்ளையின் முகத்தையும் பாருங்கள்.

அந்த மூத்த ஆசிரியைக்கு: அம்மா, வில்லன் நடிகரைப் பார்த்துப் பிள்ளைகள் என்ன கற்பார்கள் என்று எனக்குத் தெரியாது. நான் கற்றுக்கொண்டேன்.

இறுதியாக ஒன்று. 2024ஆம் ஆண்டுத் தைப்பூசத்தன்று பத்துமலையில் ஒரு தண்ணீர்ப் பந்தலில் மோர் ஊற்றிக் கொடுத்துக்கொண்டிருந்தேன். “வணக்கம் ஐயா” என்று ஒரு குரல். நிமிர்ந்து பார்த்தேன். தாடி வைத்த இளைஞன். தோளில் நான்கு வயது மதிக்கத்தக்க ஒரு பெண் குழந்தை. அவனேதான். போர்ட் கிள்ளானிலிருந்து கொள்கலன் லாரி ஓட்டுவதாகச் சொன்னான். நலம் விசாரித்தான். அவ்வேளையில் ஒரு காவடியும் உறுமி மேளக் குழுவும் எங்களைக் கடந்து படிக்கட்டை நோக்கிச் சென்றன. தோளில் இருந்த குழந்தை தாளத்திற்கேற்பக் கைகொட்டியது. சிறிதும் பிசகவில்லை.

“இப்போதெல்லாம் வாசிப்பதில்லையா?” என்று கேட்டேன்.

“அப்பவே விட்டாச்சு ஐயா” என்று சிரித்தான். அச்சிரிப்பில் பகை ஏதும் இல்லை. இருந்திருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். மன்னிப்புக் கேட்க வாய் வந்தது, கூட்டம் நெருக்கியது, அடுத்தவர் மோருக்குக் கை நீட்டினார். அவன் குழந்தைக்கு ஒரு குவளை வாங்கிக் கொடுத்துவிட்டு, புறப்படும்போது சொன்னான்: “பாப்பாவையும் தமிழ்ப்பள்ளியிலதான் போடப்போறேன் ஐயா.”

நான் நடத்திய விதத்திற்குப் பிறகும் அவன் தன் மகளை நம்மை நம்பி அனுப்ப அணியமாக இருக்கிறான். இன்னும் சில ஆண்டுகளில் அவள் நம் பள்ளிகளுள் ஒன்றில் முதலாம் ஆண்டில் வந்து அமர்வாள். மேசைமீது அவள் விரல்கள் தாளமிடும். அப்போது வகுப்பில் நிற்கப்போகும் ஆசிரியருக்காகவே இதனை எழுதினேன்.